எதிர்பார்த்தது நடக்கவில்லை

வணக்கம். என் மகள் ரொறன்ரோவில் குருதி ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தானமாக வந்த கலங்கள் நோயாளியின் உடம்பையே தாக்குமாம்; அதை ஒரு மருந்து தடுக்குமா என்று எலிகளில் பார்த்தாள். ஆறு வருடம் போய்விட்டது. போன மாதம் கட்டுரை வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்பதுதான் முடிவாம். இதைப் போய் யாரிடம் சொல்வது? சம்பந்தம் பேசப் போன இடத்தில் "பிள்ளை என்ன கண்டுபிடித்தவ?" என்கிறார்கள். திரும்பி வரச் சொல்லட்டுமா? அத்தோடு, இந்தச் சிகிச்சையில் நோயாளியின் இரத்த வகையே மாறுமாமே, உண்மையா?
– வெள்ளவத்தையிலிருந்து ஒரு தகப்பன்

ஐயா,

இரத்த வகை மாறும். கொடுத்தவர் ஓ, பெற்றவர் ஏ என்றால், சில மாதங்களில் பெற்றவரும் ஓ ஆகிவிடுவார். இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இப்போது கொடுத்தவருடையவை அல்லவா? சம்பந்தப் பேச்சு உங்கள் வீட்டு விஷயம், அதற்குள் நான் வரவில்லை.

ஆனால் "இதைப் போய்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னைச் சுட்டது.

1957இல் டொனல் தோமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு நோயாளிகளுக்கு வேறொருவரின் எலும்பு மச்சையை (இரத்தம் உண்டாவது அங்கேதான்) நாளத்தில் ஏற்றியிருந்தார். இருவருக்குத்தான் அது கொஞ்ச நாளாவது பிடித்தது. ஆறு பேரும் நூறு நாளுக்குள் இறந்தார்கள். அதை ஒளிக்காமல் எழுதினார். பிறகு நாய்களில் வேலையைத் தொடர்ந்தார். எந்த நாயின் மச்சை எந்த நாய்க்கு ஒத்துப்போகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்தார். அந்தத் துறையில் இருந்தவர்களில் பலர் அதை விட்டே போனார்கள். 1977இல் அவருடைய குழு எழுதியது: இனி வழியில்லை என்றிருந்த இரத்தப் புற்றுநோயாளிகள் 100 பேரில் 13 பேர் நோயில்லாமல் உயிரோடிருக்கிறார்கள். மற்றவர்கள் எதனால் போனார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. 1957இல் உங்கள் சம்பந்த வீட்டார் அவரிடம் "என்ன கண்டுபிடித்தனீர்?" என்று கேட்டிருந்தால்?

மகள் இருக்கும் ஊரிலேயே இன்னொரு கதை இருக்கிறது. டில், மக்கலக் என்ற இருவர் எலிகளுக்குக் கதிர் பாய்ச்சி மச்சையை ஏற்றி, வேறெதையோ அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கலக் எலிகளின் மண்ணீரலில் சிறு கட்டிகளைக் கண்டார். இருந்து எண்ணினார். ஏற்றிய கலங்கள் கூடக் கூடக் கட்டிகளும் கூடின. 1961இல் வெளியான அந்த எண்ணிக்கைதான் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கே அடித்தளம்.

என் பெரியம்மாவின் மகன் எழுபதுகளின் கடைசியில் இரத்தப் புற்றுநோயால் போனவன். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு இளம் சிங்கள டொக்டர், ஆஸ்பத்திரி ரிப்போட் தனியே இருக்க, தன் காசில் வாங்கிய சீஆர் கொப்பியில் கோடு போட்டு எழுதுவார். திகதி, காய்ச்சல், வெள்ளணு. இரத்தம் ஏற்றிய நாளுக்குச் சிவப்புப் பேனை. "சுகமாகாது என்றால் என்னத்துக்குத் தம்பி எழுதுறீர்?" என்று பெரியம்மா ஆத்திரத்தில் கேட்டா. "அடுத்த பிள்ளைக்கு அம்மா" என்றார், தெரிந்த அரைகுறைத் தமிழில். பெரியம்மா அன்றைக்கு அவரை ஏசினா. சாகும்வரை மகனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கொப்பியைப் பற்றியும் பேசினா.

உங்கள் மகள் எழுதியதும் அந்தக் கொப்பிதான் ஐயா. அந்த மருந்து பலிக்காது என்று அவள் எழுதியிராவிட்டால், இன்னொரு ஆய்வுகூடத்தில் இன்னொரு பிள்ளை அதே ஆறு வருடத்தைக் கொட்டியிருக்கும். அதைவிட மோசம், ஒரு நோயாளியின் உடம்பில் போய்ப் பார்த்திருப்பார்கள். இதற்கா வெட்கப்படுகிறீர்கள்? வேலை செய்ததாகப் பூசி மெழுகி எழுதியிருந்தால் வெட்கப்படலாம்.

திரும்பி வருவதா இல்லையா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். இன்றிரவு அழைப்பு எடுங்கள். கட்டுரையை முதல் வரியிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் மறித்துக் கேளுங்கள், கோபிக்கமாட்டாள். கலியாணப் பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.