மெலிந்த குதிரையை வாங்கலாமா? உப்புவெளியிலிருந்து சில பதில்கள்

நிலாவெளித் தம்பி ஒருவர் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குப் பதில் எழுதப்போக, திருகோணமலைப் பக்கத்து மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று நாலு பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. நுவரெலியாவில் பதினொரு வருசம் லாயத்தில் வேலை செய்தவன், இப்போது உப்புவெளியில் இரண்டு குதிரை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஊசி, மருந்து எல்லாம் உங்கள் பிரதேச அரச மிருக வைத்தியரிடம் கேட்க வேண்டியவை.

நிலாவெளி: அண்ணை, பெண் குதிரை. 7 வயசு என்கிறார்கள். விலா எலும்பை எண்ணலாம். பார்க்கப் பாவமாகவும் இருக்கு, விலையும் குறைவு. தேற்றி எடுத்து, சீசனுக்குக் கடற்கரையில் ஆட்களை ஏற்றலாம் என்று யோசனை. வாங்கலாமா?

பதில்: தம்பி, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். ஏன் மெலிந்தது என்று பாருங்கள். தீனி இல்லாமல் மெலிந்த குதிரை தீனி கொடுத்தால் தேறும். பல் கெட்டு, வயிற்றில் புழு வைத்து, உள்ளே ஈரலோ சிறுநீரகமோ பழுதாகி மெலிந்த குதிரைக்கு நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் அது ஓட்டை வாளிதான்.

அந்த இடத்தில் வேறு குதிரைகளும் நிற்கின்றனவா? எல்லாமே மெலிவு என்றால் குற்றம் உரிமையாளரில். உங்களுக்கு அது நல்ல செய்தி என்றுகூடச் சொல்வேன். மற்றவை கொழுத்து நிற்க இது மட்டும் எலும்பாக நின்றால் இரண்டு தரம் யோசியுங்கள். சில வேளை மற்றவை இதைத் தீனியிலிருந்து விரட்டியிருக்கும், ஆனால் பெரும்பாலும் நோய்தான்.

சொல்லாமல் காலையில் போங்கள். கையோடு ஒரு பிடி புல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பல் கெட்ட குதிரை புல்லை மென்று மென்று, விரல் நீள உருண்டையாகக் கீழே போடும். காலடியில் ஏற்கெனவே காய்ந்த உருண்டைகள் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள், விற்பவர் கூட்ட மறந்திருப்பார். சாணத்தைக் கையால் பிரித்துப் பாருங்கள். புல் நீளம் நீளமாக அப்படியே வந்திருந்தால் அதுவும் பல்தான்.

வயசை அறிய, மேல் உதட்டைத் தூக்கி முன்பற்களில் கடைசி ஓரப் பல்லைப் பார்க்க வேண்டும். 10 வயசளவில் ஈறோரத்தில் ஒரு பழுப்புக் கோடு தொடங்கும். 15இல் பல்லின் பாதிக்கு வரும், 20இல் அடிவரை இறங்கிவிடும். வருசக் கணக்கில் முன்பின் இருக்கும். ஆனால் 7 வயசுக் குதிரைக்குக் கோடே இருக்கக் கூடாது.

சீசன் கதையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நன்றாக மெலிந்த குதிரை எடை பிடிக்க மூன்று முதல் ஐந்து மாதம், முதுகில் தசை வைக்க அதற்கும் மேல். தசை இல்லாத முதுகில் சேணம் வைத்தால் ஒரு கிழமையில் புண்.

மூதூர்: மெலிவை அளக்க வழி இருக்கா? ஆள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இருக்கு. 1983இல் அமெரிக்காவில் ஹென்னெக்கி என்பவர் 1 முதல் 9 வரை புள்ளி வைத்து ஒரு முறை கொண்டுவந்தார். 1 என்றால் வெறும் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுப்பு மூட்டை, 5 நடுத்தரம். கண்ணை நம்பாமல் கையால் தடவ வேண்டும்: கழுத்து, தோள்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வாலடி. விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் 5. வயிறு பெருத்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். விலா தெரிய வயிறு மட்டும் தொங்கினால் புழுவாகவோ சத்தில்லாத வைக்கலாகவோ இருக்கலாம். பெண் குதிரை என்றால் சினையாகவும் இருக்கலாம். சினைக்காலம் 11 மாதம், விற்பவருக்கே தெரியாமல் இருப்பதுண்டு.

எடைக்குத் தையற்காரர் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவுகள் சென்ரிமீற்றரில். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் ஏறக்குறைய 215 கிலோ. கிழமைக்கு ஒருமுறை அளந்து சுவரில் கரியால் எழுதி வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

தம்பலகாமம்: ஐயா, எங்களுக்கு வயல், மில் எல்லாம் பக்கத்தில். தவிடும் புண்ணாக்கும் வேண்டிய மட்டும் இருக்கு. அப்படி ஒரு குதிரையைக் கொண்டுவந்து கஞ்சியும் தவிடுமாக வைத்தால் ஒரு மாதத்தில் தேறாதா?

பதில்: நாலாம் நாள் செத்துப் போகலாம். பயமுறுத்தவில்லை, நான் அப்படி ஒன்றைச் சாகக் கொடுத்தவன்.

நான் சொந்தமாக வாங்கிய முதல் குதிரை அது. வந்த அன்று இரவே பனங்கட்டி கரைத்த தவிட்டுக் கஞ்சி ஒரு வாளி வைத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியின் அடியை நக்கியது. எனக்கு அப்படியொரு சந்தோசம். அடுத்த நாளும் அதே, மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாள் விடிய லாயத்துக்குப் போனால் படுத்துக் கிடக்கிறது, கழுத்துத் தசை மட்டும் துடிக்கிறது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வாளி விளிம்பில் தவிடு காய்ந்து ஒட்டியிருந்ததை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பட்டினியால் செத்தது என்று ஊரில் சொன்னார்கள். நான் போட்ட சாப்பாட்டில் செத்தது என்று ஒரு மிருக வைத்தியர்தான் பிறகு விளக்கினார்.

நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் பொங்கும். இரத்தத்தில் மிச்சமிருக்கும் பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் உயிரணுக்களுக்குள் இழுபட்டுப் போக, இதயமும் மூச்சும் தடுமாறும். ஆபத்து பெரும்பாலும் முதல் பத்து நாளில், அதிலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை.

அதனால் முதல் பத்து நாள் புல் மட்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்து, இதற்குச் சிறந்தது குதிரை மசால் என்ற தீவனச் செடி என்றார்கள். பெயரிலேயே குதிரை இருக்கு, நம் பக்கம் கிடைப்பதுதான் அரிது. இலை கூடிய நல்ல பசும்புல்லைக் கொஞ்சம் வாடவிட்டுக் கொடுங்கள். 200 கிலோக் குதிரைக்கு முதல் மூன்று நாள் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கிலோப் புல், இரவிலும்தான். அலாரம் வைத்து எழும்ப வேண்டும். நாலாம் நாளிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, நேரங்களைக் குறைத்து, பத்து நாள் கழிந்த பிறகு வேண்டிய அளவு தின்ன விடலாம். அந்த நிலையில் 200 கிலோவுக்குப் பச்சைப் புல் நாளுக்கு 16 முதல் 20 கிலோ வரை போகும். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். விழுந்து எழும்ப முடியாமல் கிடக்கும் குதிரை என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை, உடனே வைத்தியர்.

தம்பலகாமம் (மறுபடி): சரி ஐயா, அந்தப் பத்து நாளுக்கு அப்புறமாவது தவிடு?

பதில்: கொஞ்சம் கொடுக்கலாம், பிரதான தீனியாக இல்லை. தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. நம் பக்கத்துக் கினிப் புல்லில் ஒக்சலேற் இருக்கிறது, அது புல்லிலுள்ள கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாடு அதைச் சமாளிக்கும், குதிரைக்கு முடியாது. தவிடும் கினிப் புல்லுமாக மாதக்கணக்கில் போட்டால் குதிரை எலும்பிலிருந்து கல்சியத்தை உருவும். முதலில் ஒரு நாள் இந்தக் காலை நொண்டும், மறுநாள் அந்தக் காலை. பிறகு கண்ணுக்குக் கீழே முகம் இரண்டு பக்கமும் வீங்கும். வீக்கம் வந்த பிறகு முகம் பழையபடி ஆவது கடினம். தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் தூளை வைத்தியர் சொல்லும் அளவில் சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை!

கிண்ணியா: நானா, கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். புரோய்லர் தீவனத்தில் புரதம் கூடத்தானே, கொஞ்சம் போட்டால்?

பதில்: ஒரு பிடிகூட வேண்டாம் தம்பி. கோழித் தீவனத்தில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு குறைந்த அளவே குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். சாக்கையும் குதிரைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கேட்டதோடு சொல்கிறேன், வேலியில் நிற்கும் இப்பில் இப்பில் தழையும் வேண்டாம், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். அலரி இருந்தால் வெட்டி எறியுங்கள், அது நேராக உயிருக்கு.

மூதூர்: வாங்கின அன்றே பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மிக மெலிந்த உடம்பில் புழு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடல் தாங்காது. முதலில் ஒன்றிரண்டு கிழமை தேறட்டும். சாணத்தைப் பரிசோதித்து, வைத்தியர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். ஏற்பு ஊசி பற்றி மட்டும் முதல் நாளே கேளுங்கள், குதிரைக்கு ஏற்புவலி வெகு சுலபமாக வரும்.

குச்சவெளி: எங்கள் வளவு முழுக்கக் கடல் மணல். குதிரை நிற்குமா?

பதில்: நிற்கும், ஆனால் தரையில் தீனி போட்டால் புல்லோடு மணலையும் தின்னும். அது குடலில் தங்கி வயிற்றுவலி வரும். பழைய மண்ணெண்ணெய் பரலைப் பாதியாக வெட்டி, விளிம்பை மழுக்கி, நன்றாகக் கழுவித் தொட்டியாக வையுங்கள். மணல் போகிறதா என்று அறிய, தரையில் படாத நடுச் சாணத்தில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கிக் கால் மணித்தியாலம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தெரிந்துவிடும். படியவில்லை என்பதற்காக உள்ளே இல்லை என்றும் அர்த்தமில்லை.

உவர்மலை: நுவரெலியாவிலிருந்து ஒன்றை இறக்கலாம் என்று இருக்கிறோம். வெயில் பிரச்சினையா?

பதில்: அங்கே 1,800 மீற்றருக்கு மேல், இங்கே கடல் மட்டம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இறக்கவே வேண்டாம், மழை தொடங்கிய பிறகு இறக்குங்கள். சில குதிரைகளுக்கு வெக்கையில் வியர்ப்பதே நின்றுவிடும். பகல் இரண்டு மணிக்குக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். தோல் காய்ந்திருக்க மூச்சு மட்டும் இரைத்தால் நிழல், தண்ணீர், உடனே வைத்தியருக்கு அழைப்பு. நெஞ்சில் ஈரம் இருந்தால் நல்லது, உப்புக் கட்டி ஒன்று வையுங்கள்.

மூதூர், இன்னொருவர்: நெடுந்தீவில் கட்டைக் குதிரைகள் சும்மா திரிகின்றனவே, ஒன்றைக் கொண்டு வந்தால்?

பதில்: அவை பாதுகாக்கப்பட்டவை. தொட வேண்டாம்.

தங்கச்சி ஒருவர், திருகோணமலை நகரம்: அண்ணை, என் தம்பி ஒரு மெலிந்த குதிரையை ஏற்கெனவே வாங்கிவிட்டான். வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள், கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். அவன் இப்போது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: தங்கச்சி, திட்டினால் அவன் குதிரையை மறைப்பான். குதிரை நொண்டினால் உங்களுக்குச் சொல்லமாட்டான், வைத்தியரைக் கூப்பிடமாட்டான். நான் கஞ்சி வைத்த மூன்று நாளும் பக்கத்து லாயக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கு முதல் கிழமை ‘இதைப் போய் வாங்கினாயே’ என்று அவர் சிரித்ததால் நான் அவரோடு பேசாமல் இருந்தேன். பேசியிருந்தால் வாளியைத் தூக்கச் சொல்லியிருப்பார்.

வாங்கினது சரியா பிழையா என்ற பேச்சு இப்போது பயனில்லை. ‘இன்றைக்கு என்ன தின்றது?’ என்று கேளுங்கள். இரவு இரண்டு மணிப் புல்லை நீங்கள் போடுவதாகச் சொல்லுங்கள்.

ஆனால் இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று. பாவம் பார்த்து வாங்குவது தப்பில்லை. அதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒன்றை மெலிய வைத்து, கண்ணீர் கதை சொல்லி விற்று, அந்தக் காசில் அடுத்ததைக் கொண்டுவந்து கட்டுவார்கள். ஒருவரிடம் இரண்டாவது தடவையும் மெலிந்த குதிரையைக் கண்டால் பர்சைத் திறக்காதீர்கள், அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

நிலாவெளித் தம்பி (மறுபடி): அண்ணை, போய்ப் பார்த்தேன். கோடு பல்லின் பாதிக்கு வந்திருக்கு. புல்லை உருண்டையாகத் துப்புது. ஆனால் அங்கே நிற்கும் மற்ற இரண்டும் மெலிவுதான். மிருக வைத்தியரைக் கூட்டி வரட்டா என்று கேட்டதும் அந்த ஆளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு இன்னும் அதை விட மனமில்லை.

பதில்: அப்படியென்றால் 7 இல்லை, 15 பக்கம். பட்டினியும் இருக்கு, பல்லும் இருக்கு. கூர் வைத்த கடைவாய்ப் பல்லை அராவிச் சரிப்படுத்தலாம், தெரிந்தவர் நம் பக்கம் இல்லாவிட்டால் பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலையில் விசாரியுங்கள். பராமரித்தால் இன்னும் பத்து வருசம் உயிரோடு இருக்கக்கூடிய வயசுதான். கடற்கரையில் ஆள் ஏற்றிச் சம்பாதிக்கும் குதிரை அது இல்லை. வளவில் கட்டி வைத்துப் பார்க்க மனமும் புல்லும் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். வைத்தியர் பார்க்காமல் மட்டும் காசு கைமாறக் கூடாது. அந்த ஆள் கோபப்படட்டும்.

சனிக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருப்பேன், கூட வருகிறேன். ஒரு தையற்காரர் நாடாவும் கண்ணாடிப் போத்தல் ஒன்றும் எடுத்து வையுங்கள்.