வீட்டில் ஒருவருக்கு டி.பி.: மற்றவர்களுக்கு ரத்தப் பரிசோதனை போதுமா?

கேள்வி: என் கணவருக்கு நுரையீரல் டி.பி. என்று போன வாரம் உறுதியானது. வாரியக் குடியிருப்பில் மாமியார், 4 வயது மகன், நாங்கள் இருவர் என எல்லோருக்கும் ஒரே அறைதான். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து எங்களையும் சோதிப்பார்களாம். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. தெரிந்த லேப்காரர் ஒருவர், "சத்தமில்லாமல் ரத்தம் எடுத்து மறுநாளே ரிசல்ட் தருகிறேன்" என்கிறார். எங்கள் மூவருக்கும் இருமல் இல்லை. ரத்தம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ரத்தத்தைப் பார்த்து டி.பி. நோயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கிட்டுகளை மத்திய அரசு 2012லேயே தடை செய்துவிட்டது. இல்லாத நோயை இருப்பதாகவும் இருப்பதை இல்லையென்றும் காட்டியதுதான் காரணம். விலை கூடிய 'இக்ரா' என்ற ரத்தப் பரிசோதனைக்குத் தடையில்லை. ஆனால் கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், நோயாக மாறிவிட்டதா என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தை அந்த லேப்காரர் உங்களுக்கு விளக்கப் போவதில்லை. அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். "அரசுக்குத் தெரியாமல் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் இன்னும் உஷாராகுங்கள். தனியார் டாக்டரானாலும் டி.பி. நோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

உங்களுக்கும் மாமியாருக்கும் வேண்டியது நெஞ்சு எக்ஸ்ரே. அதில் சந்தேகம் வந்தாலோ, இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல், எடை குறைவது என்று ஏதாவது இருந்தாலோ சளிப் பரிசோதனை. அரசு மையங்களில் இரண்டும் இலவசம். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, ஆழமாக மூச்சை இழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைப் பிடியுங்கள்.

உங்கள் மகன் விஷயம் வேறு, இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். சின்னக் குழந்தைக்கு டி.பி. வந்தாலும் இருமல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. எடை ஏறாமல் நிற்கும், முன்போல் ஓடி விளையாடாது, அவ்வளவுதான் தெரியும். சளியைத் துப்பவும் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டிவரும். சில இடங்களில் மலத்திலும் பார்க்கிறார்கள். 5 வயதுக்குள் நோய் மூளை வரை பரவும் ஆபத்து அதிகம். ஆகவே "குழந்தைக்கு ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். நோய் இல்லையென்று உறுதியானால்தான் தடுப்பு மாத்திரையே ஆரம்பம். தினமும் போட்டால் 6 மாதம். "ஒன்றுமில்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை?" என்று மாமியார் கேட்பார். நோய் வராமல் இருப்பதற்குத்தான் அது. உங்களுக்கும் அவருக்கும் அது வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அக்கம்பக்கத்துப் பயம் நியாயமானதுதான். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இல்லாத காலை பதினொரு மணிக்கு, கையில் படிவத்தோடு வந்து, வாசலிலேயே நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அப்புறம், "மக்கள் ஒத்துழைப்பதில்லை" என்று கூட்டத்தில் புகார் வேறு! வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. போனில் பேசி, "நாங்களே மையத்துக்கு வருகிறோம்" என்று சொல்லுங்கள். உங்கள் கணவரோடு வேலையிடத்தில் நெருங்கிப் பழகியவர்களின் பெயரைக் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களைச் சோதிக்கும்போது இவர் பெயரை வெளியிடக் கூடாது. அதையும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை, இது காற்றில் பரவும் நோய். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவர் மாஸ்க் போடட்டும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பொதுவாக இரண்டு வாரங்களில் பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அவருக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவேண்டும். தாமதமாகத்தான் வரும், அது நமக்குப் பழகிப்போன கதை. அதற்காக, "வாங்கித் தருகிறேன்" என்று வருகிற புரோக்கரிடம் ஆதார் நகலையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். 1800-11-6666 என்ற இலவச எண்ணில் நீங்களே கேளுங்கள்.