எக்ஸ்போர்ட் பாதியில் நின்றால் படிப்பை மாற்ற வேண்டுமா?

அம்மா, வணக்கம்.

கல்லூரி நாடகத்தின் இரண்டு மணி நேரப் பதிவை டிவிடிக்காக எக்ஸ்போர்ட் செய்ய (எடிட் செய்ததை முழுக் கோப்பாக வெளியே எடுக்க) உங்கள் மகள் இரவெல்லாம் விழித்திருந்ததையும், முக்கால்வாசி ஓடிய பிறகு ‘டிஸ்கில் இடமில்லை’ என்று அது நின்றுபோனதையும் எழுதியிருந்தீர்கள். எடிட்டிங் படிப்பு இவளுக்குச் சரிவருமா, இல்லை புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நாடகத்தை முழுதாக வெட்டிக் கோத்து டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடத்தில்) நிறுத்தியிருக்கிறார் என்றால் கை நன்றாகவே வேலை செய்கிறது. இடத்தைக் கணக்குப் போடும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அதை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

இதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. எடிட்டிங் துறையில் புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் உதவி எடிட்டராகத்தான் தொடங்குவார். காட்சிகளை டிஸ்கில் இறக்குவது, இன்னொரு பிரதி எடுத்து வைப்பது, எந்த டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துக்கொள்வது, சொன்ன வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்து தருவது இவைதான் முதல் சில வருட வேலை. ‘இந்தப் படத்தை வெளியே எடுக்க எவ்வளவு இடம் வேண்டும்?’ என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையை யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அந்தக் கணக்கை உங்களுக்கே சொல்கிறேன். மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். விண்டோஸ் இதையே 4.37 என்று காட்டும். அது ஏமாற்று அல்ல, 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுப்பதால் வரும் வித்தியாசம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால் மொத்தம் 3760 கோடி பிட். இரண்டு மணி நேரம் என்பது 7200 நொடி. வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 52 லட்சம் பிட். படம், ஒலி, மெனு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். டிவிடி விதிப்படி படத்துக்கு மட்டும் நொடிக்கு 98 லட்சம் பிட் வரை தரலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவில் வைத்தால் ஒரு மணி நேரம் சொச்சத்திலேயே தட்டு நிரம்பிவிடும்.

ஒலியைப் பலர் கவனிப்பதே இல்லை. சுருக்காத பிசிஎம் ஸ்டீரியோவாக விட்டால் இரண்டு மணி நேர ஒலி மட்டும் 1.38 ஜிபி தின்றுவிடும். ஒலியைச் சுருக்கும் டால்பி டிஜிட்டல் முறையில் நொடிக்கு 192 கிலோபிட் வைத்தால் அதே ஒலி 173 எம்பியில் முடிந்துவிடும். மிச்சமாகும் இடமெல்லாம் படத்தின் தெளிவுக்குப் போகும். நாடகத்தில் மேடை இருட்டாகும் காட்சிகள் நிறைய வரும், பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) குறைந்தால் முதலில் கட்டம் கட்டமாக உடைவது அவைதான். நாடகம் மூன்று மணி நேரமாக இருந்திருந்தால் நொடிக்கு 35 லட்சம் பிட்கூடத் தேறாது. அப்போது 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டு, அல்லது இரண்டு தட்டு என்று நான் சொல்லியிருப்பேன்.

சரி, தட்டில் போகப்போவது 4.5 ஜிபிதானே, கம்ப்யூட்டரில் ஏன் இடம் போதவில்லை? இடையில் உருவாகும் கோப்புகளால்தான். முழு எச்டி டைம்லைனை நொடிக்கு 25 ஃபிரேமில் புரோரெஸ் 422 என்ற பெரிய இடைநிலை வடிவத்தில் எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 55 ஜிபி, இரண்டு மணிக்கு 110. அதை டிவிடிக்கான எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றும்போது ஒரு 4.5, டிவிடிக்கான கோப்புறை உருவாகும்போது இன்னொரு 4.5, ஐஎஸ்ஓ (முழுத் தட்டின் நகலான ஒரே கோப்பு) எடுத்தால் மூன்றாவது 4.5. ஆக, 124 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. டிஸ்கில் 90 ஜிபி காலியாக இருக்கிறதென்று நிம்மதியாக எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியிருந்தால், முக்கால்வாசியைத் தாண்டியதும் நிற்கத்தானே செய்யும்?

இதற்குப் புது மெஷின் தேவையில்லை. டைம்லைனிலிருந்து நேரடியாக எம்பெக்-2 எடுக்க அவருடைய மென்பொருளில் வழி இருந்தால் அந்த 110 ஜிபியே தேவைப்படாது. இல்லையென்றால் நாடகத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கட்டும். ஒரு பகுதியை எடுத்து, எம்பெக்-2 ஆக்கி, சரிபார்த்து, அந்தப் பெரிய கோப்பை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு நேரத்தில் 35 ஜிபிக்குள் வேலை ஓடும். வெட்டும் இடம் காட்சி மாறும் இடமாக இருந்தால் பார்ப்பவருக்குத் தெரியாது.

அப்புறம் கேஷ், அதாவது வேகமாக ஓடுவதற்காக மென்பொருள் தானே சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோ தன் மீடியா கேஷைப் பயனர் மாற்றாதவரை சிஸ்டம் டிஸ்கிலேயே சேர்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ரெண்டர் கேஷ் அதேபோல் வளரும். மாதக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டால் பல பத்து ஜிபி அங்கே முடங்கிக் கிடக்கும். இவற்றை மென்பொருளுக்குள் இருந்தே அழிக்கலாம், பயமில்லை, தேவைப்பட்டால் அதுவே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஆனால் கேமராவிலிருந்து வந்த மூலக் காட்சிகளையும் பிராஜெக்ட் கோப்பையும் இடம் பிடிக்கிறதே என்று தொடவே கூடாது. இந்த வித்தியாசத்தை அவர் தெளிவாகச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலைத்தான் நான் முக்கியமாகக் கவனிப்பேன்.

இன்னொன்று. வெளி டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் 4 ஜிபியைத் தொட்டதும் எழுதுவது நின்றால், அது இடப் பிரச்சினை அல்ல. அந்த டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும், அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றினால் சரியாகும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், ஆகவே முதலில் வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும். மூலக் காட்சிகளின் இரண்டாவது பிரதி அதில் இருக்கட்டும். இந்த முறை எக்ஸ்போர்ட் தொடங்கும் முன் மேலே சொன்ன கூட்டலை ஒரு தாளில் எழுதி, காலி இடத்தையும் பக்கத்தில் குறித்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். டிவிடி எழுதி முடிந்ததும், டிவியோடு இணைத்த சாதாரண பிளேயரில் கடைசிக் காட்சிவரை ஓட்டிப் பார்த்த பிறகே ஐஎஸ்ஓவை அழிக்கட்டும். நாடகத்தை நீங்களும் கூடவே உட்கார்ந்து பாருங்கள், அவருக்கு அது பிடிக்கும்.