மருத்துவர் பதில்: தம்பியிடம் அதை நேரே கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, தம்பிக்கு 27. புன்னாலைக்கட்டுவன் பக்கம் இருக்கிறோம். போன போகம் வெங்காயம் அழுகிப்போக, லீசிங் காசும் வட்டிக்கு வாங்கியதும் அவன் தலையில் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாக நித்திரை இல்லை, எதற்கும் எரிந்து விழுவான். போன கிழமையிலிருந்து திடீரென்று அமைதியாகிவிட்டான். ஆசையாக வைத்திருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மகனிடம் கொடுத்தான். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறான். கேட்டுப் பார்ப்போமென்றால் அம்மா விடுகிறா இல்லை. "கேட்டால் நாங்களே எடுத்துக் குடுத்தமாதிரிப் போயிடும்" என்கிறா. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, சாக நினைக்கிறானா என்று இன்றைக்கே கேளுங்கள்.

அம்மாவின் பயம் ஊரெல்லாம் இருக்கும் பயம்தான். ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வார்டில் எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கோபித்தவர்கள் சிலர், இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லையே என்று அழுதவர்கள்தான் கூட.

"சொல்லுகிறவன் செய்யமாட்டான்" என்பதையும் விட்டுவிடுங்கள். உயிரை விட்டவர்களில் பலர் முன்பே ஏதோ ஒரு விதத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடிக்காதது அந்தப் போன கிழமை அமைதி. கடன் அப்படியே கிடக்க மனம் மட்டும் ஆறிவிட்டதென்றால், உள்ளே ஒரு முடிவு எடுத்திருக்கலாம். ஆசைப்பட்ட பொருளைக் கொடுத்துவிடுவதும் அதனோடு சேர்ந்ததாக இருக்கலாம். முன்பு ஒருமுறை முயன்றிருந்தால் ஆபத்து இன்னும் கூட. குடியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

தனியாக இருக்கும்போது கேளுங்கள். "விசர் யோசனை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதிலையும் நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். "செத்துப்போகலாமெண்டு யோசிக்கிறியோ தம்பி?" என்றே கேளுங்கள். "ஓம்" என்றால் பதறி அழவேண்டாம், புத்திமதியும் வேண்டாம். "அம்மாவை யோசிச்சியா" என்ற பேச்சு, தான் ஒரு சுமை என்று ஏற்கனவே நினைப்பவன் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றும். எப்போதிருந்து, எவ்வளவு நேரம் இந்த யோசனை, என்ன செய்வதென்று தீர்மானித்துவிட்டானா என்று கேட்டுவிட்டு அவனைக் கதைக்க விடுங்கள். தீர்மானித்திருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். "இல்லை" என்றாலும் இந்தக் கிழமைக்குள் காட்டத்தான் வேண்டும்.

அவனோடு கதைக்கும் அதே நாளில், கொட்டிலில் இருக்கும் தோட்டத்துப் பூச்சி, களை மருந்து முழுவதும் வளவை விட்டுப் போகவேண்டும். சொந்தக்காரர் ஒருவரின் வீட்டில், அவனுக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும். பூட்டிவைத்தால் போதாதா என்பீர்கள். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவில் பலன் தெரியவில்லை. பலன் தந்தது கொடிய மருந்துகளை நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்ததுதான். 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையுடையது. அடுத்த 20 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. அந்த உந்துதல் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் எழுந்து தணிகிற ஒன்று. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் தப்புகிறான். எதையாவது உட்கொண்டுவிட்டான் என்று சந்தேகித்தால், பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு, செலவில்லை. நடுச்சாமத்தில் கதைக்க ஆள் வேண்டுமானால் 1926, தேசிய உளநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கும். அவனும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். பொலிஸ் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 1998இலிருந்து குற்றமில்லை. குளிசை எழுதித்தந்தால் அது வேலை செய்ய இரண்டு, மூன்று கிழமை எடுக்கும். அதுவரை குளிசைப் பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும். அவன் கொஞ்சம் தெளிந்த பிறகு லீசிங் கந்தோருக்கு நீங்களும் கூடப் போங்கள். தவணையை மாற்றிக் கேட்கத் தனியே போகிறவனுக்கு வாய் வராது.

அந்தக் கைக்கடிகாரத்தை மகனிடம் வாங்கி வையுங்கள். எப்படித் தொடங்குவதென்று தெரியாவிட்டால் அதை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்து, "ஏன் தம்பி இதைக் குடுத்தனீ?" என்று கேளுங்கள்.