பழைய 1613 லாரிக்குக் கார் எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா, விஸ்கஸ் ஃபேனே மாற்றலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: வண்டி டாடா 1613, கம்மின்ஸ் 6பிடி எஞ்சின், நிறைய ஓடியது. பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல் பக்கம் லோடு போகிறது. திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்திலும், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வரைக்கும் உள்ள ஏற்றத்திலும் சூடு காட்டும் முள் மேலே போகிறது. எஞ்சினுக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருந்து, சூட்டைப் பொறுத்து ஃபேனைப் பிடித்தும் விட்டும் சுற்றவைக்கும் விஸ்கஸ் போய்விட்டது என்று தெரிந்தாயிற்று. ஒரு மெக்கானிக் அதை லாக் பண்ணி, எஞ்சினோடு எப்போதும் சேர்ந்தே சுற்றும் டைரக்ட் ஃபேன் ஆக்கச் சொல்கிறார். இன்னொருவர் மொத்தத்தையும் கழற்றிவிட்டு, காருக்கு வரும் எலெக்ட்ரிக் ஃபேன் இரண்டை ரேடியேட்டரில் மாட்டினால் டீசலும் மிச்சமாகும் என்கிறார்.

புது விஸ்கஸ் போடுங்கள். அதைவிட முக்கியம், ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டை, அதாவது ஷ்ரவுடைச் சரி பண்ணுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் பக்கம் போகாதீர்கள். நான் பெங்களூர் மைசூர் ரோட்டில் லாரி வேலை பார்க்கும் ஒரு கராஜில் இருக்கிறேன். இந்த யோசனையோடு வருகிற ஓனர்கள் பலரிடம் இதையே சொல்லியிருக்கிறேன். காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

காரும் லாரியும் சூடாகிற இடம் வேறு வேறு. கார் பெங்களூர் சில்க் போர்டு மாதிரி நெரிசலான சிக்னலில் நிற்கும்போது சூடாகும். எதிர்க்காற்று கிடையாது, எஞ்சின் ஐடிலில் ஓடுகிறது. பெல்ட்டில் சுற்றும் ஃபேனாக இருந்தால் அந்த நேரத்தில் மெதுவாகத்தான் சுற்றும். மோட்டார் ஃபேன் எஞ்சின் வேகத்தைப் பார்க்காது, முழு வேகத்தில் சுற்றும். அதோடு இப்போதைய கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் பெல்ட் ஃபேனை ரேடியேட்டர் பக்கம் திருப்பவும் வழியில்லை. ஆகவே காருக்கு அது சரியான ஏற்பாடுதான்.

லாரியில் கதையே தலைகீழ். டீசல் எஞ்சின் ஐடிலில் எரிக்கும் டீசல் மிகக் கொஞ்சம். எவ்வளவு நேரம் டிராஃபிக்கில் நின்றாலும் நல்ல டீசல் எஞ்சின் லேசில் கொதிக்காது, சொல்லப்போனால் சூடு இறங்கக்கூடச் செய்யும். லாரி கொதிப்பது தொப்பூரில்தான். முழு லோடு, ஆக்சிலரேட்டர் தரையோடு, இரண்டாவது மூன்றாவது கியர், வேகம் இருபதோ முப்பதோ. எஞ்சின் முழு சக்தியும் போடுகிறது, ஆனால் எதிர்க்காற்று அநேகமாக இல்லை. மொத்தக் காற்றையும் ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் ஆர்.பி.எம். மேலே இருப்பதால் பெல்ட் ஃபேனும் வேகமாகச் சுற்றும். சூடு அதிகமாகும் அதே நேரத்தில் காற்றும் அதிகமாகக் கிடைக்கிறது. எஞ்சினோடு ஃபேனைச் சேர்த்துவைத்த ஏற்பாட்டின் பலமே இதுதான்.

இனி கணக்கு. 1613 என்ற பெயரிலேயே இருக்கிறது: 16 டன், 130 குதிரைசக்தி. அதாவது கிட்டத்தட்ட 97 கிலோவாட். முழு லோடில் இந்த மாதிரி டர்போ டீசல் எஞ்சின் தண்ணீர் வழியாக வெளியே தள்ளும் சூடு ஏறக்குறைய ஐம்பது, அறுபது கிலோவாட் வரும். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஐம்பதை ஒன்றாக வைத்துச் சூடேற்றியது போல. அவ்வளவு சூட்டை எடுத்துப் போக வினாடிக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் காற்று ரேடியேட்டர் வழியாகப் போயாக வேண்டும். டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வைத்த வண்டியாக இருந்தால் அதற்குள்ளும் அதே காற்றுதான் நுழைந்து வர வேண்டும்.

கார் ஃபேன் ஒன்று 200 முதல் 300 வாட் எடுக்கும். இரண்டு போட்டால் 600 வாட் என்று வையுங்கள். லாரியின் பெல்ட் ஃபேன் முழுதாகப் பிடித்துச் சுற்றும்போது எஞ்சினிடமிருந்து சில கிலோவாட் வாங்கிக்கொள்ளும். அந்தச் சக்தி சும்மா போகவில்லை, காற்றாகத்தான் மாறுகிறது. 600 வாட் மோட்டாரை வைத்து அந்த வேலையை வாங்க முடியாது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் காற்று அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. பழைய லாரி ரேடியேட்டர் தடிமனானது, போதாததற்கு தூசியும் அடைத்திருக்கும். அதற்குப் பின்னால் மாட்டினால் அந்த அளவு பாதிகூட நிற்காது.

இன்னொன்று, வண்டி 24 வோல்ட், கார் ஃபேன் 12 வோல்ட். இரண்டையும் வரிசையாக இணைத்து ஓட்டலாம் என்பார்கள். ஓடும், ஆனால் ஒன்று நின்றால் இரண்டும் நின்றுவிடும். அது நிற்பதும் ஏற்றத்தில்தான் நடக்கும், ஏனென்றால் அங்குதான் இடைவிடாமல் ஓடுகிறது. பழைய ஆல்டர்னேட்டர் அதிக ஆம்பியர் தராது. இரவில் ஹெட்லைட், மழையில் வைப்பர் எல்லாம் ஓடும்போது இந்த ஃபேன்களுக்கும் கொடுத்தால் பேட்டரிதான் இறங்கும். டீசல் மிச்சம் என்ற வாதமும் நிற்காது. கரண்ட் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எஞ்சின்தான், நடுவில் கணிசமான பங்கு சூடாகவே வீணாகிறது.

புதிய பஸ்களில் எலெக்ட்ரிக் ஃபேன், ஹைட்ராலிக் ஃபேன் எல்லாம் வருகிறதே என்று கேட்கலாம். எஞ்சின் பின்னால் இருந்து, ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கும் வண்டிக்கு வேறு வழியில்லை. அதற்கேற்ற பெரிய ஆல்டர்னேட்டர், பல ஃபேன்கள், கன்ட்ரோல் எல்லாம் கம்பெனியே கணக்குப் போட்டு வைத்தது. அது வேறு விஷயம்.

சரி, லாக் பண்ணி டைரக்ட் ஆக்குவது? அதில் வண்டி கொதிக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். வழியில் விஸ்கஸ் போனால் போல்ட் போட்டு இறுக்கி வீடு வந்து சேர்வது நல்ல யோசனையும்கூட. அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுவதுதான் தப்பு. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றும் இரண்டு மடங்கு, ஆனால் அதற்கு எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. நெடுஞ்சாலையில் 60, 70 வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். டைரக்ட் ஃபேன் அப்போதும் முழு வேகத்தில் சுற்றி டீசலைத் தின்கிறது. விஸ்கஸாக இருந்தால் அந்த நேரத்தில் பிடி விட்டு, எஞ்சின் வேகத்தில் கால்பங்கு அளவுக்குத்தான் சுற்றும். கால்பங்கு வேகம் என்றால் சக்தி அறுபத்து நாலில் ஒரு பங்கு. நழுவலில் சூடாக வீணாவதைச் சேர்த்தாலும் செலவு ரொம்பக் குறைவு. மாதத்துக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இது கையில் தெரியும் பணம். ஃபேன் ஹப் பேரிங்கும் பெல்ட்டும் கூடுதல் நாள் உழைக்கும். டிரைவர் காதுக்கும் ஓய்வு. கேபினில் நாளெல்லாம் அந்த இரைச்சலோடு உட்காருபவரை ஓனர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விஸ்கஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கெட்டதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். உள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய் இருக்கும். முன்னால் ஒரு பைமெட்டல் பட்டையோ சுருளோ இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று நன்றாகச் சூடானால் அது வளைந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே பாய்ந்து ஃபேனை இழுத்துச் சுற்றும். காற்று ஆறினால் எண்ணெய் திரும்பிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் ஃபேன் சத்தமாகச் சுற்றி அப்புறம் அடங்கினால் அது நல்ல அறிகுறி. ராத்திரி நின்றபோது தட்டுகளுக்கு நடுவே இறங்கிய எண்ணெய் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தது போல இருக்க வேண்டும். தடையே இல்லாமல் நாலைந்து சுற்று சுற்றினால் போய்விட்டது. நடுவில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தாலும் அதே தீர்ப்பு. பைமெட்டல் பட்டையில் மண் கட்டியிருந்தால் முதலில் அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், அதற்கே சரியாகிவிடுவதும் உண்டு.

வாங்க ஜே.சி. ரோடு போவீர்கள். பழைய விஸ்கஸைக் கையோடு எடுத்துப் போங்கள். மரை, ஹப் அளவு, ஃபேன் விட்டம், எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் திசை பொருந்த வேண்டும். பெல்ட் போகும் வழியைப் பொறுத்து திசை மாறும், தப்பான திசைக்குச் செய்ததை மாட்டினால் புதுசே பழசு போல வேலை செய்யும். ஃபேனை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் காற்று எதிர்ப்பக்கம் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் மோசமாகத் தள்ளும். சிவாஜி நகரில் பழைய பொருளாக மலிவாகக் கிடைக்கும், இதை மட்டும் அங்கே வாங்காதீர்கள். உள்ளே எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. புதியதையும் மாட்டும் வரை படுக்க வைக்காமல், வண்டியில் நிற்கும் மாதிரியே நிற்க வையுங்கள். கவிழ்த்து வைத்தால் எண்ணெய் கசியும்.

இப்போது ஷ்ரவுட். பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான், யாரும் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கூடு, எப்போதோ பெல்ட் மாற்றும்போது கழற்றப்பட்டு, உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். ‘ஃபேன் நன்றாகச் சுற்றுதே அண்ணே, கூடு எதுக்கு?’ என்பார்கள். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளிலும் காற்றே போகாது. புது விஸ்கஸ் போட்டும் முள் இறங்கவில்லை என்று வரும் வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்.

ஃபேன் இலையின் அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கூட்டுக்குள் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே போனாலும், முழுக்க வெளியே நின்றாலும் காற்று குறையும். இலை நுனிக்கும் கூட்டுக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் நல்லது, ஆனால் ஒட்டி வைக்காதீர்கள். எஞ்சின் தன் மவுன்டிங்கில் அசையும், கூடு ரேடியேட்டரோடு நிற்கும், மோதினால் இலை உடைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். மவுன்டிங் ரப்பர் நைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கம்பெனிக் கூடு கிடைக்காவிட்டால் தகட்டில் அடித்துக்கொள்ளலாம். ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டிக் காற்று கசியாமல் செய்தால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடியேட்டரை வெளிப்பக்கம் கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடியுங்கள், இன்டர்கூலர் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் சேர்ந்த வைக்கோல், பஞ்சு எல்லாம் வெளியே வரட்டும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், உள்ளே காரை கட்டும். கூலன்ட்டோடு சுத்தமான தண்ணீர் மட்டும். ரேடியேட்டர் மூடியை அலட்சியப்படுத்தாதீர்கள்: பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் அந்த எல்லை 100-ஐத் தாண்டிப் போகும். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றினால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் சரியாக எரியாது, தேய்மானம் கூடும். பைபாஸ் வழி உள்ள எஞ்சினில் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றுவதால் ஏற்றத்தில் சூடு கூடவும் செய்யும்.

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு லாரியில் ஓர் இடம் உண்டு: கேபின் ஏ.சி.யின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று ஆனபிறகு பழைய வண்டிக்கும் போட்டுக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டிரைவருக்காகப் போடுவது நல்ல காரியம். போடுவதானால் கண்டன்சரை ரேடியேட்டர் முன்னால் வைக்காமல் கேபின் கூரையிலோ பக்கத்திலோ அதற்கென்று 24 வோல்ட் ஃபேனோடு வையுங்கள், ரிலேயும் ஃபியூஸும் கட்டாயம் இருக்கட்டும். முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றே சூடாகத்தான் போகும்.

வேலை முடிந்ததும் பெங்களூருக்குள் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இங்கே ஏப்ரலில்கூட வெயில் சேலம் அளவுக்கு இருக்காது. வழக்கமான லோடோடு, மத்தியானத்தில், சேலத்திலிருந்து தொப்பூர் ஏறிப் பாருங்கள். பாதி ஏற்றத்தில் ஃபேன் பிடித்துக்கொண்டு சத்தம் மாறுவது கேபினில் கேட்கும், ஏறிய முள் அங்கேயே நிற்க வேண்டும், மேலே வந்து சமதளத்தில் சில நிமிடத்தில் இறங்க வேண்டும். ஃபேன் சத்தம் மாறியும் முள் ஏறிக்கொண்டே போனால், காற்றில் குறையில்லை, பெரும்பாலும் ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கும். கழற்றிப் பார்த்து, அடைத்திருந்தால் கோரை, அதாவது அந்தக் குழாய்த் தொகுதியை, மாற்றக் கொடுங்கள்.