நாசில் மாற்றியும் நிற்காத மிஸ்ஸிங்

கேள்வி: என்னுடையது இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பைப்பில் டீசலை அனுப்பும் பம்ப்) உள்ள, 2005ஆம் ஆண்டு ஆறு சிலிண்டர் டீசல் லாரி. நாமக்கல்லிலிருந்து தீவன லோடு ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகையோடு மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது) வருகிறது. சூடேறினால் குறைகிறது, ஆனால் முழுதாக நிற்பதில்லை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் முனையான நாசில் ஆறையும் மாற்றி, பம்பையும் சர்வீஸ் செய்தாயிற்று. இன்ஜினைப் பிரித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டாம். இதுவரை நீங்கள் செய்த செலவெல்லாம் ஆறு சிலிண்டருக்கும் பொதுவான வேலைக்குப் போயிருக்கிறதே தவிர, மிஸ் ஆவது எந்த சிலிண்டர் என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதற்கு ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் ஹை பிரஷர் பைப் நட்டின் மேல் துணியைப் போட்டு, அரைச் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்கிக்கொண்டே வாருங்கள். நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் தடுமாறி வேகம் இறங்கும். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கசியும் இடத்தில் விரலை வைக்காதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும், 1000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் காமன் ரெயில் இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

மிஸ் ஆகும் சிலிண்டர் நாளுக்கு நாள் மாறினால் டீசல் லைனில் காற்று ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட பைப் உறிஞ்சும் பகுதி என்பதால், அங்கே ஓட்டை இருந்தாலும் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும்படியான பிளாஸ்டிக் டியூபை ஒரு முழம் பொருத்தினால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஒரே சிலிண்டராக இருந்தால் அதன் இன்ஜெக்டரைக் கழற்றி, டார்ச் அடித்துக் குழியின் அடியைப் பாருங்கள். நாசில் மாற்றும்போது பழைய செப்பு வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. கரி படிந்திருப்பதால் அது ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) பாகம் போலவே தெரியும். அதன் மேலேயே புது வாஷரையும் போட்டு இறுக்கினால் நாசில் முனை ஒரு வாஷர் கனத்துக்கு மேலேறி, டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாது. அவசர வேலையில் இந்தத் தவறு நடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குழி சுத்தமாக இருந்தால் பக்கத்து சிலிண்டரின் இன்ஜெக்டரோடு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் குறை இன்ஜெக்டரில்தான்.

இடம் மாறாவிட்டால், சூடேறினால் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, கம்ப்ரஷன் குறைவு, அதாவது சிலிண்டரில் காற்று போதிய அளவு அழுந்தவில்லை என்றே நினைக்கிறேன். முதலில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அளக்கச் சொல்லுங்கள். பழைய இன்ஜினில் வால்வு தன் சீட்டுக்குள் இறங்கி, இடைவெளி இல்லாமல் போய், முழுதாக மூடாமல் நிற்கும். வெள்ளைப் புகை என்பது அந்தச் சிலிண்டரில் எரியாமல் வரும் டீசல்தான். இடைவெளி சரியாக இருந்தும் கம்ப்ரஷன் கேஜில் அந்தச் சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கும் பிடித்து, இன்ஜெக்டர் குழி வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்துங்கள். சைலன்ஸரிலோ ஏர் கிளீனரிலோ சீறல் கேட்டால் வால்வு வேலை, ரேடியேட்டரில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட். இரண்டுக்கும் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். ஆயில் ஊற்றும் வாயில் பலமாகச் சீறினால் மட்டுமே ரிங், பிஸ்டன் வரை பிரிக்க வேண்டியிருக்கும்.