ரெசிடென்சி வாரத்தில் பிரசவம்: விலகல் படிவத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் ஜே.டி. சட்டப் படிப்பு படிக்கிறேன். பருவத்துக்கு ஒரு வாரம் கல்லூரிக்கு நேரில் போக வேண்டும், அதை ரெசிடென்சி என்கிறார்கள். அடுத்த ரெசிடென்சி வாரத்தில்தான் எனக்குப் பிரசவத் தேதி. "வராவிட்டால் பாடத்தில் தோல்வி, இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள்" என்று படிவம் அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். விலகல் வேறு, விடுப்பு வேறு. விலகினால், திரும்பி வரும்போது மறுபடி அனுமதி கேட்டு நிற்க நேரலாம். விடுப்பு முடிந்து வருபவருக்கோ பழைய இடம் அப்படியே காத்திருக்க வேண்டும்.

இதைக் கல்லூரியின் கருணையாக நினைக்காதீர்கள். மத்திய அரசின் நிதி பெறும் கல்லூரிகள் மாணவர்களிடம் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம். அதன் கீழுள்ள 106.40 என்ற விதி கர்ப்பத்தையும் பிரசவத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: மருத்துவர் அவசியம் என்று கருதும் காலம்வரை விடுப்பு, முடிந்ததும் விடுப்புக்கு முன்பிருந்த அதே நிலை. "வருகை கட்டாயம்" என்று கல்லூரி தானாக எழுதிக்கொண்ட விதி இதற்கு மேற்பட்டதல்ல.

ஆனால் ரெசிடென்சியே வேண்டாம் என்று கேட்காதீர்கள், அது நிற்காது. சாட்சியை நேருக்கு நேர் விசாரித்துப் பழகுவதும், எதிர்த்தரப்புடன் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுவதும் அந்த வாரத்தில்தான் நடக்கும். நீங்கள் வழக்கறிஞராகப் போகிறவர், அதை இழக்கவும் கூடாது. தோல்வி மதிப்பெண் இல்லாமல், அடுத்த ரெசிடென்சியில் ஈடுசெய்ய வாய்ப்புக் கேளுங்கள். காலமும் இருக்கிறது: அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் ஜே.டி.யை முடிக்க 84 மாதங்கள்வரை பொதுவாக அவகாசம் உண்டு.

இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சான்று இருக்காது. ஒவ்வொரு கல்லூரியிலும் டைட்டில் 9 ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கடிதம் அவருக்குப் போகட்டும், படிவம் அனுப்பிய அலுவலகத்துக்கு நகல் போதும். இப்படி எழுதலாம்: "நான் படிப்பிலிருந்து விலகவில்லை. 106.40 விதியின்படி பிரசவ விடுப்பும், ரெசிடென்சியை ஈடுசெய்ய வாய்ப்பும் கோருகிறேன்." மருத்துவரின் கடிதத்தில் பிரசவத் தேதியோடு, எதுவரை பயணம் கூடாது என்பதும் இருக்கட்டும்.

கல்விக்கடன் இருந்தால், விடுப்பு எத்தனை நாள் என்பதைக் கடன் பிரிவிடமும் முன்பே பேசிவிடுங்கள். மத்தியக் கடன் விதிகளில், 12 மாதத்துக்குள் 180 நாளைத் தாண்டும் விடுப்பு விலகலாகவே கணக்கிடப்படும்.

உங்கள் கோரிக்கையைக் கல்லூரி மறுத்தால், அமெரிக்கக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்தில் புகார் செய்யலாம். அதற்கும் கெடு 180 நாள்தான், மறுத்த நாளிலிருந்து. அதனால் மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.